ஓடைப்பட்டி ஸ்டேஷனில் முகூர்த்தம்

ஓடைப்பட்டி ரயில் ஸ்டேஷன் கட்ட மண் சுமந்தபோது பொன்னுத்தாய்க்குப் பதினாறு வயது. சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக வந்த ஸ்டேஷன் அது. கல் லாரியில் போகத் தொடங்கியதும் கூட்டம் குறைந்தது. எழுபத்தெட்டில் டிக்கெட் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். அப்புறம் எந்த வண்டியும் நிற்கவில்லை. ஆடுகள்தான் பிளாட்பாரத்தில் படுத்துக் கிடந்தன.

எண்பத்தொன்று ஐப்பசியில் அவள் மகள் வேம்புக்குக் கல்யாணம். விடிய விடியக் கொட்டிய மழையில் ஓடை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. பந்தல் சாய்ந்தது, அடுப்பு மூழ்கியது. மேட்டில் இருந்தது ஸ்டேஷன் மட்டும்தான். அண்டா, அரிசி மூட்டை, மேளக்காரர், மணப்பெண் எல்லாரும் அங்கே ஏறினார்கள்.

ரயில்பாதை பார்க்கும் அடைக்கலசாமி சிவப்புக் கொடியோடு அங்கே நின்றிருந்தான்.

"தம்பி, வெரட்டிடாதப்பா" என்றாள் பொன்னுத்தாய்.

"நான் ஏங்க்கா வெரட்டுறேன்? தண்டவாளத்துல யாரும் எறங்காம பாத்துக்குங்க. எனக்கும் ஒரு எல போடுங்க."

சாம்பார் கொதித்தது. பொன்னுத்தாய் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணாடத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் அரியலூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் வரவேண்டும்.

"ரோடு முங்கிடுச்சாம், பஸ்ஸே ஓடலியாம். முகூர்த்தத்துக்கு எப்படி வந்து சேருவாங்க?"

"பாலத்துக்கிட்ட ஜல்லி அரிச்சுக் கெடக்கு. இன்னிக்கு எல்லா வண்டியும் இங்க நின்னு, என் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான்க்கா போவணும்" என்றான் அடைக்கலசாமி.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

பாசஞ்சர் வந்து நின்றதுதான் தாமதம், பெட்டி பெட்டியாக ஓடினாள். "பெண்ணாடத்து மாப்ள வூட்டுக்காரங்க எறங்குங்க! கல்யாணம் இங்கதான்!"

ஜன்னலில் மாப்பிள்ளை அரியமுத்துவின் தலை தெரிந்தது. "அத்தே! இங்க வண்டி நிக்காதே?"

"நின்னுடுச்சில்ல, எறங்குங்க மாப்ள!"

டிரைவர் சிரித்துக்கொண்டே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சீர்த்தட்டும் பெட்டியுமாக நாற்பது பேர் இறங்கியதும் நீளமாக விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார். பெட்டி முழுக்கக் கைகள் ஆடின.

பலகை அடித்த டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால், கெட்டிமேளம் முழங்க, வேம்பு கழுத்தில் தாலி ஏறியது. அழக்கூடாது என்றுதான் பொன்னுத்தாய் நினைத்திருந்தாள். மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழுதுகொண்டாள்.

பந்தி முடியும்போதுதான் யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"நீங்க எந்த வூட்டு ஆளுங்க?"

"நாங்க திருச்சி போறவங்கம்மா" என்றார் ஒருவர், கூச்சத்தோடு. "சாம்பார் வாசன வந்துச்சு, எறங்கிட்டோம்."

பிளாட்பாரமே சிரித்தது. பொன்னுத்தாய் அவர்கள் இலையில் இன்னும் இரண்டு வடையை வைத்தாள்.