எழிலுக்கு ஒரு காதல் வரி

...கொஞ்சம் காதல் என்றால் எவ்வளவு, ஒரு சிட்டிகையா, ஒரு கரண்டியா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சாய்சரணுக்கே அது தெரியாது, தெரிந்திருந்தால் ஒரே வரியைப் பதினோரு தடவை சொல்ல வைப்பானா, டைரக்டராம், இருபத்தெட்டு வயசு, தாடி மட்டும்தான் முழுசாக வளர்ந்திருக்கிறது... ஸ்ரீரஞ்சனி ஹெட்போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டாள். எதிரே ஸ்டாண்டில் வசனத் தாள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மேட்சிங் சென்டருக்கு மேல் மாடியில், சத்தம் பதிவாகிவிடும் என்று ஏ.சி.யையும் நிறுத்திவிட்ட இந்தப் பெட்டி அறைக்குள் இருபத்திரண்டு வருஷமாக யார் யாருக்காகவோ குரல் கொடுத்துச் சிரித்திருக்கிறாள், பிரசவ வலியில் கத்தியிருக்கிறாள், இரண்டு மூன்று தடவை செத்தும் போயிருக்கிறாள். இப்போது ரோபோவாக இருக்கிறாள். பெயர் எழில். ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம் என்று கதை எழுதுகிற நாஸியா தேடிப்பிடித்த பெயர். நிலாவில் தனியாகக் கிடக்கிற ஓர் இன்ஜினியருக்குத் துணையாக ஓர் இயந்திரம், செல்போனில் கேட்கிற தொடர், ஆறு பகுதி வந்தாயிற்று, நன்றாக ஓடுகிறது, நன்றாக ஓடுகிற பாவத்துக்காகவே ஏழாவது பகுதியில் எழிலுக்குக் காதல் வந்தாக வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். "நீங்க திரும்பி வரணும்னு எனக்குத் தோணுது." அவ்வளவுதான் வரி. பன்னிரண்டாவது தடவையாகச் சொன்னாள். ஹெட்போனில் சாய்சரணின் குரல் வந்தது. "சூப்பர் மேடம். ஆனா ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு. கொஞ்சம் லவ் மட்டும் சேத்துக்கலாமா?"

சேர்த்துக்கொள்ளலாம், இருந்தால். இதே குரலைத்தானே ஆறு பகுதியாகத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள், "எப்படி மேடம் உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி பேசறீங்க, வேற லெவல்" என்று இதே பையன்தானே கை குலுக்கினான், அது நடிப்பே இல்லையப்பா என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஏழு மாசமாக மந்தைவெளி ஃபிளாட்டில் அவள் அப்படித்தான் பேசுகிறாள். பால் வந்தாச்சு, காஸ் புக் பண்ணியாச்சு, சாதம் மூடி வெச்சிருக்கேன். அவள் கணவர் குருபிரசாத்தும் அதற்குத் தகுந்தாற்போல, சரி, ஆகட்டும், போட்டுக்கறேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிற மனுஷர், அளந்துதான் ஊற்றுவார். பையன் சூரத்கல்லில் படிக்கப் போனபிறகு வீட்டில் வேறு குரலும் இல்லை. மார்கழியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி, நிற்காத உதிரப்போக்கு, நாற்பத்தைந்து வயசுக்கு மேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதும் சரி என்று தலையாட்டினாள். மயக்கம் தெளிந்தது, தையல் ஆறியது, மரத்துப்போனது மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. வலி இல்லை, அழுகை இல்லை, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த அவருடைய பங்கஜம் அத்தை, "விட்டுது சனி, இனிமே நீயும் ஆம்பளை மாதிரி ஹாயா இருக்கலாண்டி" என்று தொடையில் தட்டிச் சிரித்தபோது கோபம்கூட வரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டாமா? இன்றைக்கு பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். இந்த வரி வந்துவிட்டால் எல்லாம் உள்ளே எங்கேயோ பத்திரமாக இருக்கிறது, வராவிட்டால் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு தடவை சொல்லியாயிற்று, வரவில்லை.

சாய்சரண் பேசும் பட்டனிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டான் போல, அவர்கள் அறையில் நடக்கிற சண்டை முழுசாக அவள் காதில் விழுந்தது. நாஸியா எழுந்து நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது, திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், கோபம் வந்தால் கையிலிருக்கும் பேனாவைத் திறந்து திறந்து மூடுவாள். "எழில் ஆணும் இல்ல பொண்ணும் இல்ல, அதான் சாய் கதையே. லவ்வைக் கொண்டாந்து ஒட்டுன உடனே அது பொண்ணாயிடும். அப்புறம் காபி போடும், வாசலைப் பாத்துக்கினு நிக்கும், அந்தாளுக்காக அழும், கடைசில அந்தாளைக் காப்பாத்திட்டு வெடிச்சு சாகும். எழுதியே குடுக்கறேன்." சாய்சரண் விடவில்லை. "அப்ப லவ்வே வராத மிஷினை எவன் கேப்பான் நாஸியா? வாஷிங் மெஷினுக்கு யாராவது கதை கேக்கறாங்களா?" இரண்டு பேருக்கும் நடுவில், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், ஒலிப்பதிவு செய்கிற அய்யாதுரை ஒரு வார்த்தை சொன்னார். "உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பாக்கு இன்னாத்துக்கு சார் லவ்வு, அது பாட்டுக்கு கெடக்கட்டும்." நல்ல மனுஷர், பதினைந்து வருஷப் பழக்கம், யாரையும் நினைத்துச் சொல்லவில்லை.

உள்ளே ஒன்றும் இல்லாத... உள்ளே இருந்ததைக் குருபிரசாத் பார்த்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்ததும் எடுத்ததை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, வெளியே காத்திருக்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம், கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்களாம், பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள். அவள் பார்க்காத அவளுடைய உறுப்பை அவர் நின்று பார்த்திருக்கிறார். என்ன நிறம், எவ்வளவு பெரிசு, பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாரா, தலை சுற்றியதா? அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்கே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் தினமும் ராத்திரி பத்து மணிக்கு சோபாவை நகர்த்துகிற சத்தம், காலையில் ஐந்தரைக்குத் திரும்ப நகர்த்துகிற சத்தம். பார்த்துவிட்டார் அல்லவா, பார்த்தபிறகு யார்தான்... என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பும் கொட்டாவி விட்டுக்கொண்டே நினைக்கிற நினைப்பாகத்தான் இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு நாஸியா டீயோடு உள்ளே வந்தாள். "அக்கா, நீங்கதானே ஆறு பகுதியா அதுக்குள்ள இருக்கீங்க. நீங்க சொல்லுங்க, எழிலுக்கு லவ் வேணுமா?" தெரியலையேம்மா என்றாள் ஸ்ரீரஞ்சனி. "சரி, பேசும்போது அது உங்களுக்கு ஆணா தெரியுதா, பொண்ணா தெரியுதா?" இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. டீ சூடாக இருந்தது, உதட்டில் பட்டது, சூடு என்று தெரிந்தது, அவ்வளவுதான். "ரெண்டும் இல்லம்மா. வேலை எல்லாம் முடிச்சுட்டு, உக்காரச் சொல்ல ஆள் இல்லாம நின்னுண்டே இருக்கற யாரோ." நாஸியா பேனாவை மூடினாள், அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள், ஏதோ கேட்க வந்து, "டீல சக்கரை சரியா இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் அய்யாதுரைக்கு ஞாபகம் வந்தது. "மேடம், போன வருஷம் சாம்பிளுக்கு ஒண்ணு எடுத்தோமே, மழைல, அதுல மூணாவது டேக்கை சார் வேணாம்னு கடாசுனாரு. நான் அழிக்கல, கீது." ஐப்பசி மாசம். கம்பெனிக்கு மாதிரியாகப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்த ஐந்து நிமிஷம். எழிலுக்கு ரொம்ப உணர்ச்சி வந்துவிட்டது, எழுதின வசனமும் இல்லை என்று சாய்சரண் தள்ளியது அவளுக்கும் லேசாக நினைவிருந்தது. தாளில் இருந்தது 'காத்திருக்கிறேன்' என்கிற ஒரே வார்த்தை. அய்யாதுரை தட்டினார். ஹெட்போனில் மூச்சுச் சத்தம் கேட்டது, பிறகு அவளுடைய குரல். "அவசரமே இல்ல, மெதுவா வாங்க. நான் இங்கயேதான் இருக்கேன்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாய்சரண் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "இதான்! இதான் மேடம்! இதைப் போய் எந்த முட்டாள் வேணாம்னான்?" அய்யாதுரை திரையையே பார்த்தார். நாஸியா மட்டும் மறுபடி போடச் சொன்னாள், கண்ணை மூடிக் கேட்டாள், "இதுல பொண்ணே கேக்கலையே... ஆணும் கேக்கல. ஆனா லவ் கேக்குது" என்றாள், சண்டையில் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாத முகத்தோடு. இன்றைய வரியை எடுத்துவிட்டு இதையே ஒட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. வேலை முடிந்தது, மேடம் கிளம்பலாம். பந்தயம் என்ன ஆயிற்று? வந்துவிட்டது, ஆனால் இன்றைக்கு வரவில்லை, போன வருஷத்துக்காரியிடமிருந்து வந்தது. அவளுக்குக் கர்ப்பப்பை இருந்தது. அப்படியானால் தோற்றதாகத்தான் அர்த்தம் என்று கணக்குப் பண்ணியபடி, கைப்பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் போய்ட்டு வரேன் சொல்லி, ஸ்ரீரஞ்சனி படி இறங்கினாள்.

கீழே ஆடித் தள்ளுபடிக் கூட்டம். மேட்சிங் சென்டர் வாசலில் ஒருத்தி கரும்பச்சைப் புடவையின் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்து, லைனிங் துணியை அதன்மேல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது இல்ல, இதுவும் இல்ல, கொஞ்சம் கறுப்பு கூட வேணும்... ஸ்ரீரஞ்சனியும் நின்றாள். மூன்றாவது டேக்கில் சொன்ன அந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தாள் அவள்? தாளில் இல்லை. நாஸியா எழுதவில்லை. அவளும் அப்படிப் பேசுகிறவள் இல்லை, அவள் அவசரக்காரி, மெதுவா வா என்று ஜன்மத்தில் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் அந்த மழை நாளில், மூன்றாம் நாளாக உதிரம் போய்க்கொண்டிருந்தது, நிற்கவே முடியவில்லை, இரண்டாவது டேக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் போன் வந்தது. அதோ அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், தையல் கடைக்காரர் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, ஸ்கூட்டரில் சீரகத் தண்ணீர் ஃபிளாஸ்க்கைத் தொங்கவிட்டு, பாதி நனைந்துபோய் குருபிரசாத் நின்றுகொண்டிருந்தார். முடியறதா ரஞ்சனி என்றார். இன்னும் நாழியாகும், நீங்கோ போங்கோ என்றாள். "அவசரமே இல்ல, மெதுவா வா. நான் இங்கயேதான் இருக்கேன்." போனை வைத்தாள், மைக் முன்னால் போனாள், காதில் இருந்ததை அப்படியே வாயால் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் அது அவள் குரலே இல்லை, அவருடையது, ஒரு ஆண்பிள்ளை மழையில் நின்று சொன்னது, ஒரு பொம்பளைத் தொண்டை வழியாக வந்து ஒரு டப்பாவின் காதலாக ஆகிவிட்டது. மேலே மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்களே... அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

அவ்வளவு சொன்னவர் ஏன் ஹாலுக்குப் போனார்? தட்டில் பார்த்ததாலா? இல்லை, இல்லை, இரு... வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்திரி, தையல் இழுக்கிறது, அவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார், யார் பேசினது முதலில்? "தூக்கத்துல புரண்டா கால் படும். நீங்கோ ஹால்லயே படுத்துக்கோங்கோ." அவள்தான். இந்தக் குரலில்தான். ஒரு வாரத்துக்கு என்று மனதில் நினைத்தாள், வாயால் சொல்லவில்லை, அப்புறம் வாங்கோ என்றும் சொல்லவில்லை. சரி என்றார். சொன்னதைச் செய்கிறவர், ஏழு மாசமாகச் செய்துகொண்டிருக்கிறார், ராத்திரி பத்து மணிக்கு, காலை ஐந்தரைக்கு. வண்டியில கூட்டிண்டு வர வேண்டாம், நானே பஸ்ல போய்க்கறேன் என்றும் அவள்தானே சொன்னாள்? தலைப்புக்காரி லைனிங்கைக் கண்டுபிடித்துவிட்டாள், ஒன்றரை மீட்டர் வெட்டச் சொன்னாள்.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். முடிஞ்சுதா என்றார். முடிஞ்சுடுத்து என்றாள். அப்புறம் இரண்டு பேருக்கும் வழக்கமாகப் பேச்சு தீர்ந்துபோகிற இடம் வந்தது. "வந்து கூட்டிண்டு போறேளா?" எழிலின் குரல் அப்படியே, ஒரு பொட்டுக் காதல் இல்லை, சாய்சரண் இருந்தால் இன்னொரு டேக் கேட்டிருப்பான். அந்தப் பக்கம் மிக்ஸியோ ஏதோ ஓடிக்கொண்டிருந்தது நின்றது. "என்ன ஆச்சு? உடம்பு படுத்தறதா? ஆட்டோல உக்காரு, நான் டாக்டருக்குப் போன்..." பயந்துவிட்டார். அந்தப் பயத்தைக் கேட்டு அவளுக்கு நெஞ்சில் ஏதோ அசைந்ததா, அல்லது மூச்சுதானா? "ஒண்ணும் இல்ல. அவசரமே இல்ல, மெதுவா வாங்கோ. நான் இங்கயேதான் இருக்கேன்." எப்படி வந்தது அது என்று அவளுக்குத் தெரியவில்லை, காதில் ஹெட்போன் இல்லை, தெருவில் விசில் ஊதிக்கொண்டு ஒருவன் நைட்டி விற்றுக்கொண்டிருந்தான். அவருக்கு அது தன்னுடைய வாக்கியம் என்று தெரிந்திருக்குமா, அல்லது காஸ் புக் பண்ணியாச்சு மாதிரிதான் விழுந்ததா, கேட்டுவிடலாம், கேட்க வாய் வரவில்லை. சாவி எடுக்கிற சத்தம். கதவு. "லிஃப்டுல போனா லைன் கட்டாயிடும்," என்றார் குருபிரசாத். "நான் படியிலயே வரேன்." நாலாவது மாடியிலிருந்து அவருடைய செருப்புச் சத்தம் இறங்க ஆரம்பித்தது. ஸ்ரீரஞ்சனி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் போய், போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டாள்.