முபஷ்ஷிராவின் நம்பர்

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தால் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் தேடி ஓடுவார்கள். பிரிசில்லா கொஞ்ச நாளாகப் போனைத் தேடி ஓடுகிறாள். ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருந்த அந்த ஷூ கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் செக்யூரிட்டி ரூமில் வைத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சனிக்கிழமை அவள் கையில் எடுக்கும்போதே போன் துடித்துக்கொண்டிருந்தது.

"முபஷ்ஷிரா மேடமா?"

"நான் முபஷ்ஷிரா இல்லன்னு எத்தினி வாட்டி சொல்றது? என் பேரு பிரிசில்லா."

"பேர மாத்திச் சொன்னா கடன் இல்லன்னு ஆயிடுமா மேடம்? போன்ல லோன் வாங்கத் தெரிஞ்சிது, கட்டத் தெரியலியா? நீங்க எந்தக் கம்பெனின்னு எங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஷிப்ட் வுடற நேரத்துக்கு கேட்டாண்ட வர்றேன். நாலு பேர் எதிர்ல பேசிக்கலாம்."

வைத்துவிட்டான். பிரிசில்லாவுக்குப் பசி போன இடம் தெரியவில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால், ரோட்டோரம் குடை விரித்து உட்கார்ந்திருந்த பையனிடம் அவள் வாங்கிய சிம் அது. நம்பரோடு இந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு முபஷ்ஷிரா ரீசார்ஜ் பண்ணாமல் விட்ட நம்பரைத் திரும்பவும் விற்றிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது. வசூல்காரனுக்கு அது புரியவில்லை, புரிந்துகொண்டு அவனுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. போனை எடுப்பவள் எவளோ அவள்தான் அவனுக்குக் கடன்காரி. நம்பரைப் போட்டால் பெயரைக் காட்டுகிற ஆப் ஒன்றில் 'பிரிசில்லா பைபாஸ் ஷூ கம்பெனி' என்று எந்தப் புண்ணியவதியோ பதிந்து வைத்திருந்தாள், அதில் பிடித்துவிட்டான்.

வந்தால் வரட்டும் என்று இருந்துவிட முடியாது. போன மாதம் கட்டிங் செக்‌ஷனில் ஒரு பெண்ணைத் தேடி இப்படித்தான் இரண்டு பேர் கேட்டுக்கு வந்து கத்தினார்கள். ஆபீசில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து கார்டைக் காட்டினாள், மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டது, அவ்வளவுதான். அவள் வாங்கியது அவள் கடன். பிரிசில்லா வாங்காத கடனுக்கு வேலையை இழக்க வேண்டுமா?

"சாப்புடு பிரிசி, ஆறிடும்" என்றாள் பக்கத்து மெஷின் மெர்சி. அதற்குள் போன் மறுபடியும் அடித்தது. இது வேறு நம்பர். வாரத்துக்கு ஒரு தடவை வரும், எடுத்தால் எதிர்ப்பக்கம் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு நின்றுவிடும். எவனோ திருடன் ஆழம் பார்க்கிறான் என்றுதான் பிரிசில்லா நினைத்திருந்தாள். இன்றைக்கு அந்த மூச்சு பேசியது.

"அக்கா, வெச்சிடாதீங்கக்கா. நான்தான் முபஷ்ஷிரா."

"அடிப்பாவி, நீதானா அது? நீ கடன வாங்கிட்டு ஓடிப்போவ, நான் தெனம் பேச்சு வாங்கணுமா?"

"ஓடலக்கா. வாணியம்பாடியிலதான் இருக்கேன். வீட்ல ஒக்காந்து கையால ஷூ அப்பர் தைக்கறேன். நடுவுல ஒடம்பு முடியாம வேலையில்ல, ரீசார்ஜ் பண்ண முடியல, நம்பர் போய்டுச்சி. சேத்து வெச்ச காசும் அந்த நம்பர்லதான், வாங்குன லோனும் அந்த நம்பர்லதான். உள்ள காசு இருக்குது, எடுத்துக் கட்டலாம்னா உள்ளயே போவ முடியல. பேங்க்ல கைரேகை வைன்னாங்க. பசை பட்டுப் பட்டு ரேகை தேஞ்சிபோச்சி, மெஷின் எடுக்கல. இப்ப பணம் எடுத்துக் குடுக்கற கடையிலதான் நிக்கறேன். நம்பர மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஓடிபி..."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிரிசில்லாவின் விரல் தானாகவே அழைப்பைத் துண்டித்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று தேன் ஒழுகப் பேசிய ஒரு குரலுக்கு அவள் தன் போனில் வந்த ஓடிபியைப் படித்துக் காட்டினாள். போனஸ் பணம் முழுதும் போனது. புருஷன் ஜெயசீலன் திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவன் திட்டவில்லை. "போனா போவுது" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு சம்பளக் கவரை அவளிடம் கொடுப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டான். அவள் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போனிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இப்போது முப்பதாயிரம் ஆகியிருந்தது. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், அதை வீட்டு அட்வான்ஸாகக் கொடுக்க வேண்டும். குழாயில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் வருகிற வீடு. இப்போதிருக்கும் வீட்டில் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது, தலை முடி பிசுபிசுக்கும், குடிக்கத் தண்ணீர் கேன் வாங்க வேண்டும். இந்தப் பணமும் போனால் ஜெயசீலன் அதே 'போனா போவுது'வைச் சொல்வான், அதை இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

போனில் மெசேஜ் வந்து விழுந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி, நடுவில் ஆறு எண்கள். வசூல்காரனையும் இவளையும் ஒரே கூட்டம் அனுப்பி வைத்திருந்தால்? ஒருவன் மிரட்ட வேண்டியது, ஒருத்தி அழ வேண்டியது. அவளுடைய முப்பதாயிரமும் இதே நம்பரில்தான் இருக்கிறது. இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று யார் கண்டது? போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மணியும் அடித்துவிட்டது.

லைனில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. தையல் ஓரம் தாண்டிப் போய், ஷூவுக்கு மேல்தோலாக வரும் அப்பர் இரண்டு வீணானது. சூப்பர்வைசர் அஸ்பாக் வந்து எடுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா பிரிசில்லா, இன்னைக்கி டேமேஜ் ஜாஸ்தியா இருக்குது?"

"தலவலி சார்."

அவர் போனதும் மெர்சி மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள் பிரிசில்லா.

"அவ நெஜமாவே அந்தப் பொண்ணா இருந்தா?" என்றாள் மெர்சி.

"இல்லாம இருந்தா?"

மெர்சி நூலைக் கடித்துத் துப்பினாள். "உன் காச மொத்தமும் என் போனுக்கு அனுப்பிடு. அப்பறம் ஓடிபி சொல்லு. திருடியா இருந்தா காலி ஊட்ட தொறந்து பாத்துட்டுப் போவட்டும். நெஜமா இருந்தா அவ கடனக் கட்டுவா, அந்த ஆளு வர மாட்டான்."

நல்ல யோசனைதான். ஆனால் பணம் மெர்சியின் கைக்குப் போகும். மெர்சிக்கும் மகளிர் குழுவில் கடன் இருக்கிறது, அவள் வீட்டுக்காரனுக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது. இதையெல்லாம் நினைத்ததற்காகப் பிரிசில்லாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள்.

டீ மணி அடித்ததும் இருவரும் ஓடினார்கள். மெர்சியின் நம்பரைப் போட்டு, முப்பதாயிரம் என்று அடித்து, ரகசிய எண்ணையும் போட்டாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிரிசில்லாவின் கணக்கில் பணம் குறைந்துவிட்டதாக மெசேஜ் வந்தது. மெர்சியின் போனில் ஒன்றும் வரவில்லை.

"வந்துச்சா?"

"இல்லியே."

"நல்லாப் பாரு மெர்சி."

"பாத்துட்டுதான்டி இருக்கேன். வந்தா சொல்ல மாட்டனா?"

டீ ஆறியது. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் வானத்தில் எங்கேயோ நிற்கிற அந்தப் பணத்தைத் தேடிப் பிரிசில்லா இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் மெர்சியின் போன் 'டிங்' என்றது. மெர்சி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

பிரிசில்லா அந்த நம்பருக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள் முபஷ்ஷிரா.

"இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கியா? ஓடிபிய மறுபடி அனுப்பச் சொல்லு. வந்ததும் சொல்றேன்."

ஆறு எண்கள் வந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்ப்பக்கம் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு லைன் அறுந்தது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். டீ நேரம் முடிந்து போனைச் செக்யூரிட்டி ரூமில் திரும்ப வைக்கும்வரை ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு ஷிப்ட் முடிகிறவரை தைத்ததெல்லாம் எப்படித் தைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கேட்டைத் தாண்டும்போதே அவனைப் பார்த்துவிட்டாள். கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில், பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, சட்டையை இன் பண்ணி நின்றிருந்தான். "பிரிசில்லா யாரும்மா? பிரிசில்லா?" என்று வெளியே வருகிற பெண்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அஸ்பாக் சார் தன் ஸ்கூட்டரை எடுக்காமல் நின்றார்.

ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தாள் பிரிசில்லா. இந்தத் தடவை பணத்துக்குப் பதில் வேலை போகப்போகிறது. கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் மெர்சி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போது பஸ்ஸின் பின்னாலிருந்து கருப்பு புர்கா போட்ட ஒருத்தி வேகமாக வந்து அவன் எதிரில் நின்றாள். ஒல்லியான பெண், மூச்சு வாங்கியது.

"இன்னாத்துக்கு அவங்க பேரக் கத்தற? நான்தான் முபஷ்ஷிரா. கடையிலயே கட்டியாச்சி. உன் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேளு."

அவள் தன் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் பார்த்தான், யாருக்கோ போன் செய்தான், "சரி சார், சரி சார்" என்றான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், "நம்பர ஒழுங்கா வெச்சிக்கணும்மா" என்று இருவருக்கும் பொதுவாக ஒரு புத்திமதியைச் சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான். அஸ்பாக் சாரும் ஸ்கூட்டரை எடுத்தார். மெர்சி, பஸ்ஸில் இடம் பிடிக்கிறேன் என்று ஓடினாள்.

பிரிசில்லாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஒரு வார்த்த சொல்லிட்டு வெச்சிருக்கலாம் இல்ல? எனக்கு உசுரே போய்டுச்சி."

"சார்ஜ் போய்டுச்சிக்கா. வழியில கடையில போட்டுகினு வந்தேன். அவன் இங்க வர்றேன்னான்னு மத்தியானம் நீங்க சொல்லல. பேச்சு வாங்கறேன்னு சொன்னீங்களே, அதான் பேர் காட்டற ஆப்புல உங்க பேரையும் கம்பெனியையும் பாத்துட்டு, நேர்ல மாப்பு கேக்கலாம்னு வந்தேன்."

"எனக்கு நீ மாப்பு கேக்காத. நான் உன்ன நம்பிச் சொல்லல. என் காச வேற எடத்துக்கு மாத்திட்டுதான் சொன்னேன். நீ திருடின்னு நெனச்சேன்."

முபஷ்ஷிரா சிரிக்கவில்லை. "நானும் அப்டிதாங்க்கா நெனச்சேன்."

"யார?"

"உங்கள. அந்த நம்பர் வெச்சிருக்கறவங்க ஒரு தட்டு தட்டினா என் காசு போய்டும்னு கடைக்காரர் சொன்னாரு. நாலு மாசமா தூக்கமில்ல. போன் பண்ணுவேன், உங்க கொரலு கேக்கும், பேச வாய் வராது. காசு இருக்குதுன்னு நானே சொல்லிக் குடுத்தா மாதிரி ஆயிடுமேன்னு பயந்து வெச்சிடுவேன். இன்னைக்கி வேற வழியில்லாமதான் பேசினேன்."

இரண்டு வருடமாக எந்தத் திருடனுக்குப் பிரிசில்லா பயந்தாளோ, வாணியம்பாடியில் ஒரு வீட்டில் அந்தத் திருடனாக அவளே இருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

முபஷ்ஷிரா புர்காவின் ஓரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். "தப்பா நெனக்காதீங்கக்கா. அந்த மெசேஜ் எல்லாம் உங்க போன்ல இருக்குது. அழிச்சிட்டீங்கன்னா நல்லா இருக்கும். என் எதிர்லயே."

இன்னும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? பிரிசில்லா போனைத் திறந்து, தானே அழிக்கப் போனவள், நிறுத்தி, அப்படியே அவள் கையில் வைத்தாள்.

"நீயே அழிச்சிக்க."

முபஷ்ஷிரா தயங்கித் தயங்கி வாங்கினாள். பசை ஏறி வழுவழுவென்று ஆகியிருந்த அந்தக் கட்டைவிரல் திரையின்மேல் மெதுவாக நகர்ந்தது. சரியாக அந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து மெர்சி முப்பதாயிரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ரகசிய எண் இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது என்று பிரிசில்லாவின் புத்திக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியவில்லை. போனைப் பிடுங்கத் துடித்த கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

முபஷ்ஷிரா தன் மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். பிறகு திரையைத் துப்பட்டாவால் துடைத்து, இரண்டு கையாலும் போனை நீட்டினாள்.

"அக்கா, உங்க காசு வந்துடுச்சி" என்றாள்.