மிச்சக் கயிறு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் நானும் யசிந்தாவும் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில், தேநீர் இடைவேளைகளில் அவர் சொன்னது. அதே கதையை அவருடைய கணவர் நீக்கிலாசும் எனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஓரிடத்தில் பொருந்தவில்லை. அந்த இடம் வரும்வரையாவது எழுதலாம் என்று தொடங்குகிறேன்.

முதல் தொடக்கம்: ‘வடகடலின் சாம்பல் அலைகள் அகதிகளின் கண்ணீரைப்போல…’

(வேண்டாம். அன்று நல்ல வெயில். ஒருவரும் அழவில்லை.)

2

1986 ஓகஸ்ட். நீக்கிலாஸ் மன்னாரில் மீன்பிடித்தவர். யசிந்தாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். இருவரும் எஸ்பியேர்க்கில் அகதி முகாமில் இருந்தார்கள். அங்கே டெனிஷ் படிப்பித்த ஹென்னிங் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு ஞாயிறு மத்தியானம் தன் பாய்ப்படகில் அவர்களை எதிரேயுள்ள ஃபானோ தீவுக்குக் கூட்டிப்போனார்.

தீவின் துறைமுகம் படகுகளால் நிறைந்திருந்தது. வெளியே, தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் கால்வாயின் ஓரமாக நங்கூரம் போட்டார். கடற்பெருக்கு முடிந்து தண்ணீர் அசையாமல் கிடந்த நேரம். உள்ளே இடம் கேட்டு வருவதாகச் சைகையில் சொல்லிவிட்டு, சிறு தோணியில் துடுப்புப் போட்டுத் தனியே போனார். இருந்த இரண்டு உயிர்காப்பு அங்கிகளையும் விருந்தாளிகளுக்கே போட்டுவிட்டிருந்தார்.

(ஹென்னிங்கை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவரைக் கதைக்குள் விட்டால் வாசகர் கொட்டாவி விடுவார். ஏதாவது குறை இருந்ததா என்று யசிந்தாவைக் கேட்டேன். “பிடிவாதம்,” என்றார். “நங்கூரத்துக்கு விட்ட கயிறு நீளம் காணாதெண்டு இவர் கையாலை காட்டினவர். அந்தாள் சிரிச்சுப்போட்டுப் போட்டுது.”)

3

ஒரு மணித்தியாலத்துக்குள் பெருகிய கடல் இறங்கும் வற்று தொடங்கியது. மன்னார்க்கடல் இப்படி வற்றுவதில்லை. இங்கே ஓர் ஆள் உயரத் தண்ணீர் முழுவதும் அந்த ஒடுங்கிய கால்வாயால் பெருங்கடலுக்கு ஓடுகிறது. நீக்கிலாஸ் படகின் முன்பக்க அணியத்தில் குந்தி, விறைத்து நின்ற நங்கூரக் கயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கயிறு நடுங்கியது.

“நங்கூரம் பிடிக்கேல்லை. இழுபடுது.”

“அப்ப இன்னும் விடுங்கோவன்.”

கயிற்றை நீள விட்டால் நங்கூரம் படுத்து மணலைக் கடிக்கும். பெட்டிக்குள் அதே கயிற்றின் தொடர்ச்சியாக இருபது பாகம், இருபது கைவிரிப்பு நீளம், மிச்சக் கயிறு சுருளாகக் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தபோதுதான் யசிந்தா கத்தினார்.

“இஞ்சருங்கோ! அங்கை, மாஸ்ரர்!”

திரும்பி வந்த ஹென்னிங்கின் தோணியை நீரோட்டம் படகைத் தாண்டிக் கடற்பக்கமாகக் கொண்டுபோயிருந்தது. படகை நோக்கித்தான் துடுப்புப் போட்டார், முழுப் பலத்தோடும். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றார். அறுபத்தேழு வயது. கை ஓய்ந்தால் வெளிக்கடல்.

4

படகின் இயந்திரத்தை முடுக்கும் திறப்புச் சாவி ஹென்னிங்கின் காற்சட்டைப் பையில் இருந்தது. (இது நான் வசதிக்காகச் சேர்த்ததல்ல, கேட்டு உறுதிசெய்தது.)

நீக்கிலாஸ் பாய்க்கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்தார். படகு கரையில் உரசாமல் இருக்க விலாவில் தொங்கிய காற்றுருளையை அதன் நுனியில் கட்டி ஓட்டத்தில் விட்டார். உருளை மிதந்து போய், ஹென்னிங்குக்குப் பத்துப் பாகம் இப்பால் நின்றுவிட்டது.

இனி மிச்சக் கயிறு மட்டும்தான். அதை நங்கூரத்துக்கு விட்டால் படகு நிற்கும். வெட்டி உருளைக் கயிற்றோடு சேர்த்து முடிந்தால் ஹென்னிங்குக்கு எட்டும். ஆனால் நங்கூரம் இழுபட்டு, படகு பின்னாலிருந்த மணல்திட்டில் ஏறும். வற்றும் நேரத்தில் ஏறினால் சரியும். படகில் ஏழு மாதக் கர்ப்பிணி.

நீக்கிலாஸ் கத்தியை எடுத்தார்.

இந்த இடம்தான்.

5

நீக்கிலாஸ் சொன்னது: “யோசிக்க என்ன அக்கா கிடக்கு? மனிசன் போகுது. வெட்டினன், முடிஞ்சன், விட்டன்.”

யசிந்தா, நாங்கள் இருவரும் தனியே இருந்தபோது மட்டும் சொன்னது: “கத்தியோடை நிண்டவர் அக்கா. என்ரை வயித்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ‘நீ இருக்கிறாய், நீ இருக்கிறாய்’ எண்டு அதையே சொன்னவர். அங்கை அந்தாளின்ரை தலை குனிஞ்சு போச்சுது. நான் கத்தியைப் பறிச்சன்.”

“பிறகு?”

“பிறகென்ன. முடிஞ்சு விட்டவர் இவர்தான். எனக்கு அந்த முடிச்சுத் தெரியாது.”

6

மீதியில் இருவருக்கும் பேதமில்லை. ஹென்னிங் உருளையைக் கட்டிப்பிடித்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். அவர் ஏறி விழுந்த கையோடு படகு திட்டில் முட்டி, தண்ணீர் வடிய வடியச் சரிந்தது. யசிந்தாவை நடுவில் வைத்து, ஆண்கள் இருவரும் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விலாப்பலகை இரண்டு தடவை வெடித்துக் கேட்டது. மீன்பிடிப் படகொன்று வந்து யசிந்தாவை முதலில் இறக்கியது. அடுத்த பெருக்கில் பாய்ப்படகு தண்ணீர் நிறைந்து மூழ்கிவிட்டது.

ஒக்டோபரில் பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தன்று ஹென்னிங் நீக்கிலாசின் தோளைப் பிடித்து, “என் உயிரைக் காத்தவன்” என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லோரும் யசிந்தாவைப் பார்த்தார்கள்.

“ஓம். இவர்தான்.”

(மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதில் ஒரே கத்தியில் இருவர் கையும் இருந்தது. அது எல்லோரையும் சந்தோசப்படுத்தும் பொய்.)

போன கிழமை நீக்கிலாஸ் தொலைபேசியில் கேட்டார்: “அக்கா, ஆர் வெட்டினதெண்டு எழுதாமல் விடேலாதோ?”

தொலைபேசியை வைத்துவிட்டு, எழுதிய தாளை எடுத்தேன்.

‘கயிறு வெட்டப்பட்டது’ என்று எழுதலாம். ஆனால் கயிறு தன்பாட்டில் வெட்டுப்படுவதில்லை. ‘வெட்டினார்’ என்று எழுதினால் இருவருக்கும் பொருந்தும். இவ்வளவு நேரமும் அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நானும் ஒளிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கடைசி ‘ர்’ஐ அழித்தேன்.

‘வெட்டினா’ என்று நின்றது. எங்கள் பேச்சில் அது பெண்ணைக் குறிக்கும்.

நீக்கிலாஸ் இதை வாசிப்பார். அந்த எழுத்தைத் திரும்பப் போடுவதா, விடுவதா? எனக்குக் கை வரவில்லை. பேனையை நீங்கள் பிடியுங்கள்.