மூக்குப் பக்கமா, கண் பக்கமா

கிரேன் ஓட்டுநரின் வலது கண்ணோரம், மூக்கு தொடங்கும் இடத்தில், ஒரு வருடமாக ஆறாத புண் ஒன்று இருந்தது. மிளகளவுதான். காயும், பொருக்கு உதிரும், மறுபடி ஒரு துளி ரத்தம் கசியும். மூக்குக்கண்ணாடி அழுத்திய தடம் என்று அவர் சாதித்துக்கொண்டிருந்தார். "கண்ணாடிய மாத்தி எட்டு மாசம் ஆச்சு. இப்ப எந்தக் கண்ணாடி வந்து அழுத்துது?" என்று கேட்டு, அவர் மனைவிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். சோதித்ததில் தோல் புற்றுநோய் என்று வந்தது. எங்கும் ஓடிப் பரவுகிற ரகம் இல்லை. ஆனால் இருந்த இடத்திலேயே வேர்விட்டு அரிக்கிற ரகம்.

டாக்டரம்மா அவர்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போற ஊசிதான். மெல்லிசா ஒரு அடுக்கு எடுப்போம். அதோட ஓரம் முழுக்க மைக்ராஸ்கோப்ல பாப்போம். எங்க மிச்சம் இருக்கோ அங்க மட்டும் மறுபடி எடுப்போம். சுத்தமாற வரைக்கும் இப்படித்தான். ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"கண்ணு?" என்றார் கிரேன் ஓட்டுநர்.

"மூக்குப் பக்கம் போனா கவலையில்ல. கண் பக்கம் போனா இமையையும் கண்ணீர் போற குழாயையும் தொட வேண்டி வரும். பார்வை போயிடாது. ஆனா கண்ணு எப்பவும் வழிஞ்சுக்கிட்டே இருக்கலாம்."

அறுபதடி உயரத்தில் உட்கார்ந்து, கீழே நிற்கும் ஆள் காட்டும் கையைப் பார்த்துச் சுமை இறக்குகிறவர் அவர். கண் வழிந்தால் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். 

அறுவை அறைக்கு அடுத்த கதவு லேப். அங்கே இருந்தவளை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சாய அக்கா என்பார்கள். வெட்டி வரும் தோல் துண்டின் கண் பக்கத்தில் நீலமும் மூக்குப் பக்கத்தில் சிவப்பும் தீட்டுவது அவள் வேலை. எந்த ஓரம் எது என்று அந்தச் சாயத்தை வைத்துத்தான் பின்னால் கண்டுபிடிக்க முடியும். தீட்டிய பிறகு துண்டை உறைய வைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் தெரிய ஊதாச் சாயம் ஏற்றிக் கொடுப்பாள். நெற்றிப் பக்கம் எது என்று தெரிய, டாக்டரம்மா ஒவ்வொரு துண்டிலும் ஒரு சின்னக் கீறல் போட்டு அனுப்புவார். ஒன்பது வருடமாக அவள் கைக்குப் பழகிப்போன வேலை.

முதல் அடுக்கில் புற்று ஓரம்வரை இருந்தது. எதிர்பார்த்ததுதான். இரண்டாவது அடுக்கு பத்தே முக்காலுக்கு வந்தது. பீங்கான் தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்திய நேரத்தில் போன் அதிர்ந்தது. அவள் கணவர். "பீரோ சாவி எங்க வச்ச?" வைத்த இடத்திலேயே அதைத் தேடத் தெரியாத மனுஷன். சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, இடது பக்கம் நீலம், வலது பக்கம் சிவப்பு என்று தீட்டி முடித்தாள்.

டாக்டரம்மா வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நீல ஓரத்துல இன்னும் இருக்கு" என்றார். "கண் பக்கம். இமையத் தொட்டுத்தான் ஆகணும்."

முகம் வரைந்த தாளில் கண் பக்கம் ஒரு புள்ளி வைத்துவிட்டு அறுவை அறைக்குப் போனார்.

சாய அக்கா மிச்சம் இருந்த உறைந்த துண்டைப் பெட்டியில் வைக்க எடுத்தாள். பழக்கதோஷம், நீலம் இடது கைப்பக்கம் வரும்படி பிடித்தாள். அப்படிப் பிடித்தால் கீறல் எப்போதும் மேலே இருக்கும். இன்று மேலே ஒன்றும் இல்லை. கீழே, மயிரிழை போல, கீறல் இருந்தது.

துண்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

தட்டை வெளிச்சத்துக்கு நகர்த்தியபோது துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. கீறலைப் பார்க்காமல், கைப்பழக்கத்தில் தீட்டிவிட்டாள். நீலம் இருப்பது கண் பக்கம் இல்லை, மூக்குப் பக்கம்.

இல்லை, சீவும்போது விழுந்த கீறலாக இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இன்னொரு மனம் சொன்னது. அதுவும் உண்மைதான். இமை வீணாய்ப் போகும், அடுத்த அடுக்கு சுத்தம் என்று வரும், எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். மூக்கில் எடுக்காமல் விட்டுப்போன வேர் மூன்று வருடம் கழித்துத் தலைகாட்டும்போது, போன் வந்ததை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்?

கையுறையைக்கூடக் கழற்றவில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

பச்சைத் துணிக்கு அடியில் கிரேன் ஓட்டுநர் படுத்திருந்தார். டாக்டரம்மாவின் கத்தி இமைக்கு மேலே ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

"டாக்டர், நிறுத்துங்க! வெட்டாதீங்க!"

நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். டாக்டரம்மாவின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"என்ன?"

"சாயம்... நான் மாத்தித் தீட்டிட்டேன்."

துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "என்னங்க ஆச்சு?"

"ஒரு சந்தேகம் வந்திருக்கு. பாத்துட்டு வரேன். அசையாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, டாக்டரம்மா கத்தியைத் தட்டில் வைத்தார்.

லேப் கதவு சாத்தியதும் கேட்டார். "உனக்குத் தெரியுமா, இல்ல தோணுதா?"

"கீறல் கீழ இருக்கு டாக்டர்."

"அது தானா விழுந்த கீறலா இருந்தா? உன் பேச்சக் கேட்டு மூக்க வெட்டி, நோய் கண்ணுல நின்னுட்டா?"

அவள் உறைந்த துண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். 

டாக்டரம்மா அதே தகட்டை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இந்த முறை புற்றைத் தேடவில்லை. அதைச் சுற்றியிருந்த நல்ல தோலைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் சாய அக்காவுக்குச் சம்மட்டி அடியாகக் கேட்டது.

"இங்க வா. பாரு."

நீல ஓரம் முழுக்கத் திராட்சைக் கொத்து மாதிரி எண்ணெய்ச் சுரப்பிகள்.

"இமைத் தோல் காகிதம் மாதிரி இருக்கும். இவ்வளவு பெரிய சுரப்பி அதுல ஏது? இது மூக்குத் தோல்." நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நோயத் தேடற அவசரத்துல நானும் இதப் பாக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த வார்த்தைதான் அவளை அழவைத்தது.

"அழுகைய அப்புறம் வச்சுக்கோ. அடுத்த துண்டு வருது. இனிமே நான் தீட்டறேன், நீ பக்கத்துல நின்னு கீறல் எங்க இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லு."

மூன்றாவது அடுக்கை மூக்குப் பக்கம் எடுத்தார்கள். "கீறல் மேல இருக்கு" என்றாள் சாய அக்கா. தன் குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது. துண்டு உறையும்வரை உள்ளங்கைகளை மேஜையில் அழுத்திக்கொண்டு நின்றாள். சீவும்போது முதல் சருகு கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது முழுசாக வந்தது.

டாக்டரம்மா ஓரத்தை ஒரு சுற்று பார்த்தார். ஆரம்பித்த இடத்துக்கே வந்து மறுபடி ஒரு சுற்று.

"சுத்தம்."

தையல் போட்டு முடித்ததும், நடந்ததைக் கணவன் மனைவி இருவரிடமும் டாக்டரம்மாவே ஒளிக்காமல் சொன்னார். சாய அக்கா பக்கத்தில் நின்றாள். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

"ஓடி வந்து கத்தினது நீங்கதானா?" என்றார் கிரேன் ஓட்டுநர். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. "எங்க யார்டுல தரை கூட்டறவங்க நிறுத்துன்னு கத்தினாலும் நான் நிறுத்தணும். ஏன்னு அப்புறம்தான் கேக்கணும். ஆனா கத்தத்தான் யாருக்கும் வாய் வராது."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவர் மனைவி. சாய அக்காவை நேராகப் பார்த்தாள். "ஓடி வந்தீங்க, சரி. மொதல்ல தப்பு பண்ணதும் நீங்கதானே?"

"ஆமா."

"ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா?"

"ஆமாம்மா."

 நடந்ததையெல்லாம் எழுத்தில் வேண்டும் என்றாள் மனைவி. டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாய அக்காவும் போட்டாள்.

நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு விசாரித்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. லேப்புக்குள் போன் கூடாது என்றும், சாயத்தை இரண்டு பேர் பார்த்துத்தான் தீட்ட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. தையல் பிரிக்கிற நாளில் கிரேன் ஓட்டுநருக்கு இமை ஒழுங்காக மூடித் திறந்தது. கண் வழியவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்றார்கள்.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில், மனைவி மட்டும் லேப் வாசலில் வந்து நின்றாள். சாய அக்கா எழுந்துகொண்டாள்.

"கடைசியாப் பாத்த கண்ணாடித் தகடு இருக்கா? நானும் பாக்கலாமா?"

சாய அக்கா அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். மனைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"ஒண்ணும் புரியல. எல்லாம் ஊதாவா இருக்கு."

"மெதுவா ஓரமாவே போங்க. கருப்பா, கும்பலா எங்கயாவது இருக்கா பாருங்க. அப்படி இருந்தாத்தான் நோய்."

அவள் மெதுவாக ஓரம் முழுக்கப் போனாள். அவசரப்படவில்லை. வாசலில் கணவர் வந்து கூப்பிட்டபோதும் நிமிராமல், "இருங்க, இன்னும் முடியல" என்றாள்.