தொண்டர் மேடை ஏறுவதில்லை

மகளின் கல்யாணத்துக்குப் போன கலியபெருமாளை மண்டப வாசலில் நிறுத்தி, அவர் யார் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

"பொண்ணோட அப்பா," என்றார்.

"அது சொந்தக்காரங்க பட்டியல். மூடியாச்சு," என்றார் மேசைக்குப் பின்னால் சஃபாரி உடுப்பில் இருந்த கட்சிச் செயலாளர். "தலைவருக்கு நீங்க யாரு? தொண்டரா, ரசிகரா, பக்தரா, அடியாரா?"

முப்பத்தொரு வருஷம் போஸ்டர் ஒட்டிய கை. தொண்டர் என்று எழுதிற்று. சட்டையில் முத்திரை விழுந்தது. அவர் உட்காரப் போன நாற்காலியெல்லாம் ஓரடி தள்ளிப் போயின. தொண்டர் நிற்கத்தான் வேண்டும், பாவம்.

மற்றவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? பக்தர்களுக்குக் கும்பிட்ட கை இறங்கவில்லை. பந்தியில் அவர்களுக்குப் பெண்டாட்டிமார் இட்லி ஊட்டிவிட்டார்கள். ரசிகர்கள் வாயைத் திறந்தால் விசில்தான் வந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அடியார் என்று எழுதிவிட்டு நடுவழியில் குப்புறக் கிடந்தார். "சௌக்கியமா?" என்று கேட்டால், "சௌக்கியம்," என்று தரையிடம் சொன்னார்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தலைவர் தாலி எடுத்துக் கொடுப்பார் என்று பத்திரிகையிலேயே அடித்திருந்தார் கலியபெருமாள். தலைவரின் கார் ஒன்பது மணியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பத்து இருபதுக்குச் சுவர்க்கடிகாரம் நின்றது. அதுவும் தொண்டர்தான், தலைவர் வராமல் நகராது. மாப்பிள்ளை இளவழுதிக்கு மட்டும் மீசை நரைக்கத் தொடங்கியது.

"அப்பா," என்று மேடையிலிருந்து மகள் தமயந்தி கூப்பிட்டாள். "மாலை காஞ்சு போச்சு. நீங்களே எடுத்துக் குடுங்கப்பா."

"பெத்தவன் கை போதும்யா! ஏறி வா!" என்று கத்தினாள் மனைவி அஞ்சலாட்சி.

கலியபெருமாளுக்கு அந்தத் தாலியைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான், முதல்முறையாக, ஆசை வந்தது. அடேயப்பா, எவ்வளவு ஆசை! படியில் கால் வைத்தார். மூன்று படி முப்பது படியாயிற்று.

"தொண்டர் மேடை ஏற முடியாதுங்க," என்றார் செயலாளர். "விசுவாசி ஏறலாம்."

"அப்ப மாத்திக் குடுங்க. சீக்கிரம்."

"சமையக்கட்டுக்குப் பின்னாடி கவுண்டர்."

ஓடினார். ஓட ஓட வழி நீண்டது. இரண்டு பக்கமும் சாம்பார் அண்டாக்கள். முதலில் காலைச் சாம்பார், அப்புறம் மத்தியானச் சாம்பார், அப்புறம் போன வருஷத்துச் சாம்பார். கடைசியில் ஒரு கவுண்டர். அதே செயலாளர்.

"எதிர்வீட்டுக்காரன் என்னைய ஜால்ராங்கறான். அதுல ஏறலாமா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் கலியபெருமாள்.

"அத நாங்க குடுக்கறதில்ல. எதிர்க்கட்சிக்காரன்தான் குடுக்கணும். விசுவாசின்னா இங்க கையெழுத்துப் போடுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

மேலே தலைவர் பெயர் இருந்தது. தலைவர் பெயர் இருக்கும் தாளை அவர் ஆயுசில் படித்ததில்லை. போட்டார்.

முத்திரை விழுந்ததும் கால்கள் தாமாகவே நடந்தன. மேடைக்கு அல்ல, வாசலுக்கு. சாலையைப் பார்த்து நின்றன.

"விசுவாசி தலைவர வரவேத்து, அவரு பின்னாலதான் மேடை ஏறணும்," என்றார் பக்கத்தில் வந்து நின்ற செயலாளர். "அதுவரைக்கும் ரோட்டுக்கு முதுகு காட்டக் கூடாது. எழுதியிருக்கே."

கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவில்லை. "தமயந்தி!" என்று சாலையைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒரு லாரிதான் போயிற்று.

"எம்மா நேரம்யா காத்துக் கெடக்கறது?" என்று உள்ளே அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. "நானே எடுத்துக் குடுக்கறேன். மேளக்காரரே, ஊதுங்க!"

கெட்டிமேளம் கொட்டியது. ரசிகர்கள் விசிலடித்தார்கள். தட்டோடு வந்த ஒரு பெண் கலியபெருமாளின் கையிலும் அட்சதை போட்டாள்.

"கட்டிட்டாரா?"

"ரெண்டாவது முடிச்சு போடறாரு. பொண்ணு இங்கதான் பாக்குது."

"அழுவுதா?"

"திரும்பிப் பாருங்களேன்."

கலியபெருமாள் கையை உயர்த்தி, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று, காலியாகக் கிடந்த சாலையில் அட்சதையைத் தூவினார்.