ஞாயிற்றுக்கிழமை வீசாத காற்று

எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்டு இதுவரை ஒரு ஜன்னல் திரையின் நிறம்கூட முடிவானதில்லை. அதனால், "மாடியில காத்தாலையா, இல்ல இந்த ஃபார்மான்னு நோட்டு சொல்லட்டும். அவ சொல்றதுதான் முடிவு" என்று அம்மா அறிவித்தபோது எனக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நோட்டு என்பது நான்தான். எதையும் எழுதி வைக்காமல் நம்பமாட்டேன் என்பதற்காக அக்கா வைத்த பெயர்.

வீட்டுக்கு இனிக் காற்று மின்சாரம்தான் என்பதில் சண்டையில்லை. எந்தக் காற்று என்பதில்தான் சண்டை. அப்பாவுக்கு மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு சின்னக் காற்றாலை வேண்டும். மின் நிறுவனம் அனுப்பிய படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், கடலோரத்தில் சுற்றும் பெரிய காற்றாலைகளோடு நாமும் சேர்ந்துவிடலாம் என்பது அம்மாவின் கட்சி.

"கண்ணுக்குத் தெரியாத காத்தை எப்படி நம்புறது?" என்றார் அப்பா.

"கண்ணுக்குத் தெரிஞ்ச காத்து எதுங்க?" என்றார் அம்மா. அப்பா பஸ் ஓட்டுகிறவர். டிப்போவிலும் தெருவிலும், மாடியில் காற்றாலை வரப்போகிறது என்று ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

நான் மாலை வகுப்பில் மின்பணி படிக்கிறேன். அங்கிருந்து காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். மேலே மூன்று கிண்ணங்கள் சுற்றும். கீழே ஒரு பெட்டி மணிக்கு மணி வேகத்தைத் தானே குறித்துக்கொள்ளும். இரண்டு வாரம் அளப்பது, சனிக்கிழமை காற்றாலைக் கம்பெனி ஆள் வரும்போது முடிவைச் சொல்வது என்று ஏற்பாடு.

எங்கே பொருத்துவது என்பதில் நான் அவசரப்படவில்லை. சுற்றிலும் எங்கள் மாடியைவிட உயரமான கட்டடங்கள். மாடியில் ஆறு இடங்களைச் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் அளந்தேன். ஐந்து இடங்களில் கிண்ணங்கள் கொட்டாவி விட்டன. பின்பக்கச் சுவரோரம் ஆறாவது இடத்தில் பிய்த்துக்கொண்டு சுற்றின. அங்கேயே பொருத்தினேன்.

தினமும் ஐந்து மணிக்கு, வகுப்புக்குக் கிளம்பும் முன் மாடி ஏறி எண்களை நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் நாள் குறிப்பு: 'இதமான காற்று. லேசான சோப்பு வாசனை.' அப்போதுதான் குளித்திருந்தேன். அதனால் மறுநாள் குளிக்காமல் ஏறிப் பார்த்தேன். அன்றும் சோப்பு. என் மூக்கின் மேல்தான் சந்தேகம் வந்தது.

பத்தாம் நாள் வகுப்பு மேடம் என் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இவ்வளவு ஒழுங்கான காத்தை நான் பாத்ததே இல்லம்மா. கருவி சரியாத்தானே இருக்கு?"

"கருவி சரிதான் மேடம். நான்தான் சரியில்லையோ என்னவோ."

வெள்ளிக்கிழமை வகுப்பில்லை. நாலரை மணி இருக்கும். அம்மா ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. அக்கா என் நோட்டை எடுத்து, செய்தி வாசிப்பவள் மாதிரி குரலை மாற்றிக்கொண்டு படித்தாள்.

"திங்கள் காலை எட்டு மணி, பலத்த காற்று. மதியம் ஒரு மணி, காற்று இல்லை. இரண்டு மணி, மீண்டும் பலத்த காற்று. செவ்வாய்... அதேதான். ஏண்டி, உன் காத்து மதியம் சாப்பிடப் போயிட்டு வருதா?"

"உளறாத. குடு இங்க."

"ஆறு மணிக்கு மேல ஆளக் காணோம். கடையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடுது போல. அடியேய், ஞாயித்துக்கிழமை லீவுடி உன் காத்துக்கு!"

பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு ஞாயிறுகள். இரண்டிலும் வரிசையாகச் சைபர். மாடிக்கு ஓடி, ஆறாவது இடத்தில் கைப்பிடிச் சுவருக்கு மேல் எக்கிக் குனிந்தேன். ஒரு முழம் கீழே ஒரு தகரக் குழாயின் வாய். வெதுவெதுப்பாக முகத்தில் அடித்தது. சோப்பு. எங்களுக்குக் கீழ்த்தளத்தில் லாண்டரி இருக்கிறது. துணி உலர்த்தும் மெஷின்களின் காற்று அது.

"லாண்டரி ஃபேனை ஒரு தடவை நிறுத்திப் பாக்கணும்" என்றேன். அக்கா படு குஷியாகக் கீழே ஓடினாள். கிண்ணங்கள் நின்றன. பிறகு சுற்றின. "ஒரு தடவை பத்தாது! இன்னும் ரெண்டு தடவை!" என்று மேலிருந்து கத்தினேன்.

மூன்றாம் தடவைக்குப் பிறகு லாண்டரிக்காரரே வந்துவிட்டார், தோளில் யாருடைய சட்டையோ ஈரத்தோடு. அவர் பின்னால் அப்பா.

"என்னம்மா, போடு, நிறுத்து, போடுன்னு ஆட்டி வைக்கிற?" என்ற லாண்டரிக்காரர் கிண்ணங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, இது என் காத்து!"

அப்பாவுக்கு விஷயம் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்தும் விடுவதாக இல்லை. "அதனால என்னப்பா? வீணாப் போறதுதானே. நீ விடுற, நாங்க பிடிக்கிறோம்."

"வீணாவா? நாள் பூரா நின்னு நான் உண்டாக்குற காத்துங்க. சும்மா தர முடியாது. என் கடைக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுங்க."

"உன் காத்துல நாத்தம் வேற அடிக்குது. அதைப் பொறுத்துக்கிறதுக்கு நீதான் எங்களுக்கு ஏதாவது செய்யணும்."

"நாத்தமா? லாவெண்டருங்க அது!"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அப்பா பேரம் முடித்துவிடுவார். நாளைக்குக் கம்பெனி ஆள் என் எண்களைப் பார்த்துப் பாராட்டுவார். என் நோட்டு சொன்னபடி இந்த வீட்டில் ஒரு காரியம் நடக்கும். வாயைத் திறந்தால், என்னிடம் முடிவு கேட்டது இதுதான் முதலும் கடைசியும்.

படியில் அம்மாவின் செருப்புச் சத்தம். "என்ன இங்க கூட்டம்?"

"அம்மா, நோட்டு தப்பு" என்றேன். "எண்ணெல்லாம் சரி. காத்துதான் தப்பு. இது லாண்டரி ஃபேன் காத்து. இங்க காத்தாலை வச்சா அந்த ஃபேன் இன்னும் திணறும். அது தின்னுற கரண்டுல கொஞ்சூண்டுதான் நமக்குத் திரும்பி வரும். மத்த அஞ்சு இடத்துலயும் நிஜக் காத்து ரொம்பக் கம்மி. டிக் போடுறதுதான் சரின்னு நினைக்கிறேன். இதுவும் தப்பா இருக்கலாம்."

அம்மா நோட்டை வாங்கி நின்றபடியே புரட்டினார்.

"இங்க ஒரு எண்ணை அடிச்சு மாத்தியிருக்கியே?"

"ஏழா ஒண்ணான்னு சந்தேகமா இருந்துச்சு. திரும்பப் பெட்டியில பாத்து எழுதினேன்."

"ம். போய் ஃபார்மை எடுத்துட்டு வா. பேனாவும்."

"இரு, இரு" என்றார் அப்பா. "தெருவுல நான் என்ன சொல்றது?"

"ஊரெல்லாம் சொன்னவங்கதான் அதை யோசிக்கணும்."

லாண்டரிக்காரர் தோளிலிருந்த சட்டையை அடுத்த தோளுக்கு மாற்றினார். "அந்த ஃபார்ம் இன்னொண்ணு கிடைக்குமா? நோட்டு சொன்னா நானும் போட்டுடறேன்."

"உங்க மெஷின் தினம் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு தெரியணும்ண்ணே. ரெண்டு வாரம் குறிச்சுப் பாத்துட்டு..."

"அதைத்தானே ரெண்டு வாரமா எழுதிட்டிருந்த!" என்றாள் அக்கா.

சமையலறை மேஜையில் நான் படிவத்தை நிரப்ப, அம்மா கையெழுத்துப் போட்டார். அப்பாவைக் காணவில்லை. சற்று நேரத்தில் தெருப்பக்கம் அவர் குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மாடியில வைக்கிறதெல்லாம் சின்னதுங்க. நமக்குச் சரிப்படாதுன்னு வேணாம்னுட்டேன். பெருசாவே எடுத்துட்டோம். கடலோரத்துல. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தம் நாப்பது!"

படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் காற்றாலைகளின் எண்ணிக்கை அச்சாகியிருந்த இடத்தைப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

"அப்பா, இருபத்தாறு!"