அரிக்காத தடிப்பு

மதிவதனிக்கு ஐந்தாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவளுக்குச் சிபிலிஸ் என்று வந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தும் அதேதான்.

"இது உடலுறவுல பரவுறதுங்க. உங்க ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க அம்மணி. ரெண்டு பேருக்கும் வைத்தியம் பார்க்கோணும்" என்றார் டாக்டர் அன்புச்செல்வி.

கணவன் கிருபாசங்கர் சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் லோடு ஏற்றிக்கொண்டு மாதத்தில் பாதி நாள் வடக்கே போகிறவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் இறுகிப்போனது.

"எனக்கு ஒண்ணுமே இல்ல. நான் நல்லாத்தான இருக்கறேன்? நீ வேலைக்குப் போற கடையில யாரு?"

அவளுடைய போனை வாங்கி ஒவ்வொரு நம்பராகப் பார்த்தான். வேறொரு ஆணின் நிழல்கூடப் படாதவள் அவள். அவளுக்கு அழுகை வந்தது, வந்த வேகத்திலேயே நின்றும்விட்டது. தனக்கு அவன் மூலமாகத்தான் வந்திருக்க வேண்டும் என்றால், அவன் உடம்பில் ஏதாவது தெரிந்திருக்குமே. யோசித்தாள்.

தெரிந்திருந்தது. போன கல்யாண நாள் கழிந்து கொஞ்ச நாளில் அவன் உள்ளங்கைகளில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள். லோடு ஏற்றப் போன சாயப் பட்டறையில் சாயம் பட்டுவிட்டது என்றான். அவளும் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். சாயம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிக்கும். அவன் ஒருநாளும் சொறிந்ததில்லை. தடிப்பு உள்ளங்காலிலும் இருந்தது. செருப்புப் போட்ட காலில் எப்படிச் சாயம் படும்?

அடுத்த நாள் அவனை வற்புறுத்திக் கூட்டிப்போனவள், அவன் முன்னாலேயே இதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவனைப் பார்த்தார்.

"அந்தத் தடிப்புக்கு முன்னால, அந்தரங்க உறுப்புல வலிக்காத புண்ணு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

அவன் மதிவதனியைப் பார்க்காமல் சொன்னான்: "வந்துச்சுங்க. தானா ஆறிப்போச்சு. அதனால உட்டுட்டேன்."

"ஆறுனது புண்ணு மட்டுந்தானுங்க. கிருமி ரத்தத்துலயே இருக்கும். தடிப்பும் தானா மறைஞ்சுரும், நோயி போகாது. இவங்களுக்குப் புண்ணு உள்பக்கமா வந்திருந்தா தெரிஞ்சிருக்காது."

"கொழந்தைக்கு?" என்று மதிவதனிதான் கேட்டாள்.

"கவனிக்காம உட்டா ஆபத்துங்க. இப்பவே பென்சிலின் ஊசி போட்டா பெரும்பாலும் காப்பாத்திப்போடலாம்."

அவன் ரத்தத்திலும் அதே நோய் என்று வந்தது. இருவருக்கும் முதல் ஊசி போட்டார்கள், வாரம் ஒன்றாக இன்னும் இரண்டு. வெளியே வந்ததும் அவன் தாழ்ந்த குரலில், "ஒரே ஒரு தடவைதான் மதி" என்றான்.

"எத்தனை தடவைன்னு நான் கேக்கலீங்க. யாரு, யாருன்னு என்னையக் கேட்டீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அன்றைக்கே அவள் அந்தியூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மீதி ஊசிகளையும் அங்கிருந்தபடியே போட்டுக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. பரிசோதித்தார்கள், குழந்தைக்கு நோய் இல்லை.

கிருபாசங்கர் பார்க்க வந்தான். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊட்டுக்குப் போலாமா?"

"நோயி போயிருச்சான்னு நீங்க மறுபடி ரத்தம் குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல. இன்னுமா என்மேல சந்தேகம்?"

"ஆமாங்க" என்றாள். குழந்தையை அவன் மடியிலிருந்து வாங்கித் தொட்டிலில் போட்டாள்.